திரும்பி வரும் மனச்சோர்வும் மனவிழிப்புப் பயிற்சியும்

காய்ச்சல் வந்தால் மருந்து உண்கிறோம், குணமடைகிறோம், அத்துடன் அதை மறந்தும் விடுகிறோம். மனச்சோர்வு நோய் பலருக்கு அவ்வாறு விடைபெறுவதில்லை. வாரக்கணக்கில் மனம் இருண்டு, உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமின்றித் தவித்த ஒருவர் குணமடைந்து வேலைக்குத் திரும்புகிறார். சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அந்த நோய் மீண்டும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை வந்து போகும்போதும், மறுமுறை வருவதற்கான வாய்ப்பும் கூடுகிறது. எனவே, குணமானவரைக் காப்பது எப்படி என்பது மருத்துவத்தின் பெரிய கேள்விகளுள் ஒன்றாயிற்று. அதற்குக் கிடைத்த ஒரு விடை பௌத்த மடங்களிலிருந்து வந்தது. அது வந்த வழியைக் காண்போம்.

ஒரு பாலிச் சொல்

பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் ‘சதி’ என்றொரு சொல் உண்டு. சூழ்ச்சி என்ற பொருளில் நாம் வழங்கும் சதி வேறு. இது வடமொழியின் ‘ஸ்மிருதி’ என்பதன் பாலி வடிவம். மூச்சு, உடல், உணர்ச்சி, எண்ணம் ஆகியவற்றை அவை நிகழும் கணத்திலேயே கவனித்து அறிதல் என்பது இதன் கருத்து. இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராக இருந்து, பின்னர் பாலி அறிஞரான ரீஸ் டேவிட்ஸ், 1881-இல் இதை ‘மைண்ட்புல்னெஸ்’ என்று மொழிபெயர்த்தார். நாம் இதனை மனவிழிப்பு என்போம். துறவிகளுக்குரியதாகக் கருதப்பட்டு வந்த இப்பயிற்சியை, 20-ஆம் நூற்றாண்டில் பர்மாவின் மகாசி சயாடோ போன்றோர் இல்லறத்தாருக்கும் பெருமளவில் கற்பித்தனர். மேல்நாட்டாரும் வந்து கற்றனர்.

மருத்துவமனைக்குள் நுழைந்தது

அமெரிக்காவில் மூலக்கூறு உயிரியலில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஜான் கபட்-சின், தியானமும் பயின்றவர். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். மருந்துகளால் தீராத நாள்பட்ட வலியுடையோர் அங்கு அனுப்பப்பட்டனர். மதச் சடங்கு எதுவும் இல்லை. 10 வாரங்கள், வாரம் ஒரு வகுப்பு. வீட்டில் நாள்தோறும் ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயிற்சி. 51 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1982-இல் வெளிவந்தது. பலருக்கு வலி குறைந்திருந்தது. ஆனால் பயிற்சி பெறாத குழு ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்காததால், அதைத் தொடக்க முடிவு என்றே கொள்ள வேண்டும்.

சோர்வு ஏன் திரும்புகிறது?

1992-இல் டொரான்டோவின் சிண்டல் சீகல், வேல்ஸ் நாட்டு பாங்கரின் மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல் ஆகிய மூன்று உளவியலார் கூடினர். மனச்சோர்வுக்கு ஆரன் பெக் வகுத்திருந்த சிந்தனைச் சீரமைப்புச் சிகிச்சையை, குணமானவர்களுக்கும் ஏற்றபடி மாற்றித் தருவதே அவர்கள் ஏற்ற பணி.

டீஸ்டேல் ஏற்கனவே ஒரு கருத்தைக் கூறியிருந்தார். வருத்தம் எல்லாருக்கும் வரும், போகும். முன்பு மனச்சோர்வுற்றவருக்கோ, சிறு வருத்தமும் ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் பழைய எண்ணங்களைத் தட்டி எழுப்பிவிடும். அவ்வெண்ணங்கள் வருத்தத்தை வளர்க்கும். வளர்ந்த வருத்தம் மேலும் அத்தகைய எண்ணங்களைக் கிளப்பும். திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் என்ன நிகழ்கிறது? மெல்லிய ஓசை ஒலிபெருக்கியில் பெருகி, மீண்டும் மைக்கினுள் புகுந்து, மேலும் பெருகி, காதைத் துளைக்கும் ஓலமாகிறது. இயற்பியலில் இதனைப் பின்னூட்டம் என்கிறோம். ஓசையே எழாமல் தடுக்க முடியாது. சுற்றை எங்கேனும் துண்டிக்கலாம். மனவிழிப்பும் அத்தகையதே. ‘இது ஓர் எண்ணம்; என்னைப் பற்றிய தீர்ப்பு அன்று’ என்று கண்டுகொண்டால் சுற்று அறுகிறது.

முதலில் மூவரும் கவனப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தம் பழைய முறையிலேயே நடத்த முயன்றனர். கடுந்துயர் எழும்போது அது போதவில்லை. அமெரிக்கா சென்று வகுப்புகளை மீண்டும் கவனித்தபோது ஒன்று புரிந்தது: அங்குள்ள ஆசிரியர்கள் துன்பத்தைத் திருத்த விரையாமல், அதனுடன் பொறுமையாக இருக்கக் கற்பித்தனர். அவர்களும் நாள்தோறும் பயிற்சி செய்பவர்கள். நீந்தத் தெரியாதவர் நீச்சல் கற்பிக்க இயலுமா? மூன்று அறிஞர்களும் தாமே பயிற்சியில் அமர்ந்தனர்.

எண்கள் கூறுவது

அவர்களது முதல் பெருஞ்சோதனை 2000-இல் வெளியாயிற்று. குணமடைந்திருந்த 145 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றதற்கு அத்துடன் 8 வாரப் பயிற்சி. மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தவர்களுள், 60 வாரங்களில் வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 100-க்கு 66 பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்றோரில் அது ஏறத்தாழ 40. இரண்டு முறை மட்டும் நோயுற்றிருந்தவர்க்குப் பயன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினர். 2004-இல் 75 பேரிடம் நடந்த சோதனையும் இதே போக்கைக் காட்டியது.

மருந்துடன் ஒப்பிட்டால்? 2015-இல் இங்கிலாந்தில் 424 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளிவந்தது. மருத்துவர் துணையுடன் மருந்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 44 பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது. இந்த வேறுபாடு ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்ததென்று கூறப் போதாது. இரண்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் மீண்டும் நோயுற்றனர் என்பதையும் மறக்கலாகாது.

தியானம் எல்லா நோய்க்கும் மருந்து என்பாரும் உளர்; வெறும் கண்மூடி நம்பிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். இருவருக்கும் இந்த எண்களே விடை. பயிற்சி பலருக்கு உதவுகிறது, எல்லாருக்கும் அன்று. சிலருக்கு அமைதியாக அமர்வதே கலக்கத்தைக் கூட்டுவதும் உண்டு. கடும் சோர்வில் ஆழ்ந்திருப்பவர் முதலில் நாட வேண்டியவர் மருத்துவரே. உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. குணமடைந்தபின் ‘மறுபடியும் வந்துவிடுமோ’ என்று அஞ்சி வாழ்வோருக்கு, அஞ்சுவதைத் தவிரச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு என்று காட்டியதே இந்த ஆய்வுகளின் பயன்.