வாவு நாள் முதல் வெள்ளிப் பிற்பகல் வரை

பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சட்டங்களின் வரலாற்றை எழுதுகின்றனர். பாடநூல்களின் வரலாற்றை எழுதுகின்றனர். தேர்வுகளின் வரலாற்றையும் எழுதுகின்றனர். பாடம் நடவாத வேளையின் வரலாற்றை எழுதுவார் அரியர். கிழமைக்கு ஒருமுறை, வெள்ளிப் பிற்பகலில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறுவர் சிறுமியர் கதை சொல்லவும், பாடவும், களிமண் பிசையவும், கூச்சம் நீங்கி நாலு பேர் முன் நின்று பேசவும் ஒதுக்கப்படும் அந்தச் சிறு பொழுதைப் 'பிள்ளை விளையாட்டு' என்று தள்ளிவிடுவதே பெரியோர் வழக்கம். விளையாட்டா அது? பாடம் முடிந்த பின் ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்வி, இந்நாட்டில் ஓர் அமைச்சரவையையே ஆட்டிவைத்தது! அந்தக் கதைக்கு வருமுன் திண்ணையிலிருந்து தொடங்குவோம்.

திண்ணைப் பள்ளிக்குக் கிழமைக் கணக்கு இல்லை. நிலவின் கணக்கே கணக்கு. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகியவை விடுமுறை நாட்கள். 'உவா' என்னும் பழஞ்சொல் மருவி, அந்நாட்களுக்கு 'வாவு' என்று பெயராயிற்று. அந்நாட்களில் ஓதினால் கல்வி கெடும் என்பது வைதிகர் வகுத்த விதி. உழவன் பிள்ளை நெல் கணக்குப் படிப்பதற்கும் வானத்து நிலவு தேய்வதற்கும் என்ன உறவு என்று கேட்க அன்று ஆள் இல்லை.

ஆயினும் அந்தத் திண்ணையிலும் பாடத்துக்கு அப்பால் சில செயல்கள் இருந்தன. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்புமுன் ஆசிரியர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். அதை மறவாது நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இப்பழக்கத்தைக் குறித்திருக்கிறார். அழகான பழக்கம்! பூவைக் காட்டினாரா, பெயரை மட்டும் ஊட்டினாரா என்பதே நம் ஐயம். நவராத்திரி வந்தால் பிள்ளைகளைக் கோலாட்டக் கோலுடன் வீடு வீடாக அழைத்துச் சென்று பாடவைப்பர்; கிடைத்த காசு ஆசிரியரைச் சேரும். பிள்ளைக்குக் கலைப் பயிற்சி, ஆசிரியருக்கு வயிற்றுப்பாடு! அரைவயிற்று ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழமை என்பதற்காக எதையும் நாம் இகழவும் மாட்டோம். பழமை என்பதற்காக எதையும் புகழவும் மாட்டோம்.

அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தோர் யார்? சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1822-இல் ஆணையிட்டு எடுத்த கணக்கில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவருள் பெண்கள் 4,540 பேர்! நூறு பேரில் மூவர்கூட இல்லை. 'அந்தக் காலத்தில் ஊர்தோறும் பள்ளி இருந்தது' என்று பெருமூச்சு விடுவோர் இந்த எண்ணையும் சேர்த்தே சொல்லட்டும். மணலில் எழுதும் நம் திண்ணை முறையையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சென்னை எழும்பூரில் கையாண்டு பார்த்த ஆண்டுரூ பெல் என்ற பாதிரியார், 1797-இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவிற்று. முறை கடல் தாண்டிற்று. சேரிப் பிள்ளையோ தெருவைத் தாண்டித் திண்ணைக்கு வர முடியவில்லை.

பாதிரிமார் பள்ளிகளும் பின்னர் அரசினர் பள்ளிகளும் வந்தபின் வாவு மறைந்தது, வாரம் வந்தது. ஞாயிறு விடுமுறை, மணிக்கணக்கு, பாடவேளை என்றாயிற்று. பொழுதைப் பகுத்த பிறகுதான், எந்தப் பொழுது யாருக்கு என்ற வழக்கும் பிறந்தது.

அவ்வழக்கு மன்றேறிய ஆண்டு 1953. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார், நகராட்சிப் பகுதிகளை நீக்கி, ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கென ஒரு புதிய திட்டம் கொணர்ந்தார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. காலையில் ஓர் அணி, பிற்பகலில் ஓர் அணி. எஞ்சிய வேளையில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். வீட்டில் தொழில் இல்லையேல் ஊரிலுள்ள தொழிலாளியிடம் சென்று கண்டு பழக வேண்டும். ஆச்சாரியார் சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொல்வோம்: பள்ளி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, அதே கட்டடம், அதே ஆசிரியர், இருமடங்கு பிள்ளைகள். கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் கழிக்கப்பட்டது எது? ஊர்ப்பிள்ளையின் பாதி நாள்! வண்ணார் மகன் வெள்ளாவிக்கு, குயவர் மகன் சக்கரத்துக்கு, தோட்டி மகன் துடைப்பத்துக்கு! வழக்கறிஞர் மகனோ நகரத்தில் நாள் முழுதும் பள்ளியில். மனு நூலில் இருந்ததைக் கால அட்டவணையில் எழுதியதன்றி வேறென்ன அது?

பெரியார் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டார். பெயரே பாதிப் போரை வென்றது. திராவிட முன்னேற்றக் கழகம் 1953 சூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்துக்கு எதிரானது. அதே சூலை இறுதியில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138! வல்லுநர் குழுவின் ஆய்வு வரை நிறுத்திவைக்கக் கோரிய தீர்மானம் 139-க்கு 137 என வென்றது. பருலேகர் தலைமையில் அமைந்த அக்குழுவோ திட்டத்தைப் பாராட்டியது. 1954 மார்ச்சில் ஆச்சாரியார் பதவி விலகினார். ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

நாம் வாழும் விளாங்குடியை இங்கே எண்ணிப் பார்க்கிறோம். வைகையின் வடபால், திண்டுக்கல் சாலையில் உள்ள இவ்வூர், மதுரை மாநகராட்சியோடு இணைந்ததே 2011-இல்தான். 1953-இல் நகர எல்லைக்கு வெளியே கிடந்த சிற்றூர். ஆற்றுக்கு அப்பால் மதுரை நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி, ஆற்றுக்கு இப்பால் விளாங்குடிப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி என்பதே திட்டம் நிலைத்திருந்தால் நேர்ந்திருக்கும். இன்று இவ்வூரில் விளங்கும் பாத்திமா பெண்கள் கல்லூரி தொடங்கப்பட்ட ஆண்டும் அதே 1953 என்பது வேடிக்கையான ஒற்றுமை. கல்லூரி வாயில் ஒருபுறம் திறக்க, அதற்கு ஏணியான தொடக்கப்பள்ளியின் படிகளில் பாதியை மறுபுறம் பிடுங்கப் பார்த்தார்கள்!

தொழில் கற்பிப்பதை நாம் வெறுக்கிறோமா? இல்லை, தோழர்களே. 1896-இல் அமெரிக்க நாட்டுச் சிக்காகோவில் சான் தூயி என்ற அறிஞர் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கும் பிள்ளைகள் நூல் நூற்றார்கள், நெய்தார்கள். பஞ்சுக் காயையும் ஆட்டு மயிரையும் கையில் கொடுத்து, எதைப் பிரிப்பது எளிது என்று பார்க்கச் சொன்னார்கள். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்க அரை மணி நேரம் பாடுபட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு! பருத்தி ஆடைக்கு முன்னரே கம்பளி ஆடை வளர்ந்தது ஏன் என்று அவர்களே கண்டுகொண்டனர். அங்கே தறி, உலகைக் காட்டும் சன்னல். ஆச்சாரியார் திட்டத்திலோ அதே தறி, நெசவாளி மகனை நெசவாளியாகவே கட்டிவைக்கும் கயிறு. எல்லாப் பிள்ளையும் எல்லாத் தொழிலையும் தொட்டுப் பார்ப்பது கல்வி. இன்னார் மகன் இன்ன தொழிலையே தொட வேண்டும் என்பது சாதி.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி, நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் புகுந்த செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் பரவிற்று. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புச் சிறாருக்கென 'ஊஞ்சல்' இதழும் வந்தது. காலை உணவுத் திட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் நம் மதுரையில்தான் தொடங்கிற்று. பசித்த பிள்ளைக்குப் பாட்டு வராது என்பதை அறிந்தோர் செய்த செயல் இது.

ஆனால் வெள்ளிப் பிற்பகல் இன்னும் முழுதாக விடுதலை பெறவில்லை. தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் அதை விழுங்குகிறது. மேலதிகாரி வருகையென்றால் பதிவேடு விழுங்குகிறது. அவை போகட்டும். 'உன் தந்தையின் தொழில் பற்றிப் பேசு' என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திய ஒரு வகுப்பை நாம் கண்டிருக்கிறோம். வங்கி எழுத்தர் மகள் மளமளவென்று பேசினாள். சாக்கடை தூய்மை செய்வார் மகன் தன் முறை வருமுன் தண்ணீர் குடிக்கப் போனவன், மணி அடிக்கும் வரை திரும்பவில்லை. நல்லெண்ணத்தோடு வைத்த தலைப்புதான். 1953-இன் கேள்வி எவ்வளவு எளிதாக, எவர் ஆணையும் இன்றி, வகுப்பறைக்குள் மீண்டும் நுழைந்துவிடுகிறது! மாறுவேடப் போட்டியிலும், வகுப்பைப் பெருக்கும் முறையிலும், பூசைக்குப் பூத்தொடுக்கப் 'பெண் பிள்ளைகள் வாருங்கள்' என்னும் அழைப்பிலும் அது ஒளிந்திருக்கிறது.

ஆகவே நாம் தலைப்பை மாற்றிவிட்டோம். சென்ற பருவத்தில் ஒரு வெள்ளியன்று நாற்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பஞ்சுக் காய் கொடுத்தோம். கொட்டை எடுத்தார்கள், கையால் திரித்தார்கள், நூல் அறுந்தது, மீண்டும் திரித்தார்கள். சட்டையொன்றுக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்று சட்டை நூலை எண்ணத் தொடங்கிய இருவர், ஓர் அங்குலத்திலேயே கணக்கை விட்டுவிட்டனர். அடுத்த வெள்ளிக்கு ஒரு சிறுமி பரவையிலிருந்து தன் பாட்டனாரை அழைத்து வந்தாள்; பஞ்சாலையில் முப்பதாண்டு உழைத்தவர். 'இவளும் ஆலைக்கு வருவாளா, தாத்தா?' என்று ஒரு பையன் கேட்டான். 'இவ பொறியாளரா வந்து அந்த எந்திரத்தைப் பிரிச்சுப் பார்க்கட்டும்' என்றார் அவர். பிள்ளைகள் அந்த எந்திரம் எப்படி இருக்கும் என்று படம் போடச் சொல்லிக் கரும்பலகையை அவர்பால் நகர்த்திவிட்டார்கள்.