பூமிக்குள் கசிந்த பெட்ரோலும் புளோரிடாவின் பில் கட்டும்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது பார்த்த ஒரு விஷயம். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

புளோரிடாவில் மகள் வீட்டுத் தெருமுனையில் மூடிக் கிடக்கும் ஒரு பெட்ரோல் பங்க். தரையெங்கும் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டமாய் இரும்பு மூடிகள். அந்த ஊரில் நிலத்தடி நீர் வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். அவனைக் கேட்டேன். "டீச்சர், அதெல்லாம் கிணறு. தண்ணி எடுக்க இல்ல, தண்ணியில பெட்ரோல் இருக்கான்னு பார்க்க" என்றான். அன்று மாலை அவன் எனக்கு வாத்தியார்.

அந்த நாட்டில் 1950, 60-களில் பங்க்குகளில் புதைத்தவை பெரும்பாலும் வெறும் இரும்புத் தொட்டிகள். ஈர மண்ணில் இரும்பு எத்தனை காலம் தாங்கும்? துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, யாருக்கும் தெரியாமல் கசிந்தது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. 1983 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதைக் காட்டியதும் நாடே விழித்துக்கொண்டது. 1984-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1986-ல் ஒரு கேலன் எரிபொருளுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி வைத்து மத்திய நிதி ஒன்றும் உண்டாக்கினார்கள். ஆனால் அது முக்கியமாக, பொறுப்பாளி யாரென்று தெரியாத இடங்களுக்கும் அவசர வேலைக்கும் மேற்பார்வைக்கும்தான். பங்க் வைத்திருப்பவர் தன் செலவைத் தானே பார்க்க வேண்டும். கசிந்தால் பத்து லட்சம் டாலர் வரை ஈடுகட்ட வழி இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். ஒற்றை பங்க் வைத்துப் பிழைப்பவர் எங்கே போவார்? காப்பீட்டுக்காரர்களும் கிட்டே வரத் தயங்கினார்கள். அதனால்தான் பல மாநிலங்கள் தாங்களே நிதி தொடங்கின.

புளோரிடா சும்மா இருக்க முடியாத மாநிலம். அங்கே பத்தில் ஒன்பது பேர் குடிப்பது நிலத்தடி நீர். 1986-லேயே சட்டம் இயற்றி, பீப்பாய்க்கு இவ்வளவு என்று எரிபொருள் மீது வரி வைத்தது. நிதி குறையக் குறைய வரி ஏறும்: 30 சென்ட், 60, பிறகு 80. பீப்பாய்க்கு 42 கேலன். 80 சென்ட் என்றாலும் கேலனுக்கு இரண்டு சென்ட்டுக்கும் குறைவுதான் (கணக்குப் போட்டுப் பாருங்கள், பழக்கம் விடவில்லை!).

அதோடு ஒரு சலுகையும் தந்தது. 1988 டிசம்பர் 31-க்குள் "என் இடத்தில் கசிவு இருக்கிறது" என்று நீங்களே வந்து சொன்னால், தண்டனை இல்லை, சுத்தம் செய்யும் செலவு அரசுடையது. நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். பயந்து மறைத்திருந்தால் விஷம் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போயிருக்கும். ஆயிரக்கணக்கானோர் முன்வந்தார்கள்.

கோளாறு வந்தது பணம் கொடுத்த முறையில். உரிமையாளர் ஒரு ஒப்பந்தக்காரரை வைத்து முதலில் வேலையை முடிப்பார், பிறகு பில் அனுப்புவார், அரசு பணத்தைத் திருப்பித் தரும். எந்த வேலை, எவ்வளவு செலவு என்று முன்கூட்டி யாரும் ஒப்புதல் தரவில்லை. எந்த இடம் அவசரம் என்ற வரிசையும் இல்லை. குடிநீர்க் கிணற்றை ஒட்டிய இடத்துக்கும், யாருமே இல்லாத பொட்டல் வெளிக்கும் ஒரே மாதிரி பில் வந்தது. வரி வந்த வேகத்தைவிட பில் வந்த வேகம் அதிகம். 1995-ல் பல பத்துக் கோடி டாலர் பாக்கி நின்றது. என் பயணப்படி பில் ஒன்று ஓர் அலுவலகத்தில் பதினொரு மாதம் தூங்கியதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது! கையிலிருந்து போட்டுச் செலவழித்த சின்ன முதலாளிகள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

அந்த ஆண்டே பழைய முறையை நிறுத்தினார்கள். இனி ஒப்புதல் வாங்கித்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். பழைய பாக்கியைத் தீர்க்க, 1996-ல் ஒரு நிதிக் கழகம் அமைத்துக் கடன் பத்திரம் வெளியிட வழி செய்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண்ணும் போட்டார்கள். குடிநீர்க் கிணறு அருகில் இருந்தால் அதிக மார்க், அதற்குத்தான் முதலில் பணம். மார்க் குறைந்தவர் காத்திருக்க வேண்டும். சிலர் பத்து இருபது ஆண்டுகளுக்கு மேலும்.

தெருமுனை பங்க்குக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். "குறைவுதான் டீச்சர்" என்றான். 1988-ல் தானாகவே போய் எழுதிக் கொடுத்தவராம் அதன் உரிமையாளர். அவர் இப்போது இல்லை. இடத்தை விற்கவும் முடியாமல் பிள்ளைகள் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஊர் திரும்பும் வாரம் இருவர் வந்து அந்த மூடிகளைத் திறந்து, பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள்.