யார் வீட்டுக்கு நிலைக்கதவு?

பழைய வீட்டுக் கதவு என்றதும் இங்கிலாந்துக்காரருக்கு ஓக் நினைவுக்கு வரும். செட்டிநாட்டாருக்குப் பர்மாத் தேக்கு. இலங்கையின் மாத்தளைக்கு அப்படி ஒற்றை மரம் இல்லை. வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பக்கத்து உலர்காட்டில் முதிரை, பாலை, கருங்காலி, சாவண்டலை. தெற்கே இறத்தோட்டைப் பக்கத்து ஈரமான வீட்டுத் தோட்டங்களில் பலா. இவ்வளவு மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், குடியானவன் வீட்டில் நல்ல நிலைக்கதவு அரிதாகவே இருந்தது. தச்சருக்குக் கைத்திறன் இல்லாமல் அல்ல. வீடும் மரமும் யார் அனுமதியில் இருந்தன என்பதில்தான் காரணம் கிடக்கிறது.

1660இல் சிறைப்பட்டு, மாத்தளையும் அடங்கிய கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான நூலில் இதற்குச் சாட்சி சொல்கிறார். குடிகள் மாடி கட்டக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக்கூடாது. ஆணியே இல்லாமல், பிரம்பால் கட்டி அவரவரே வீடு எழுப்பினார்கள். மண்சுவரும் புல்கூரையும் கனத்த நிலையைத் தாங்காது, ஆகவே இது இயற்கையின் விதிதான் என்று வாதிடலாம். தாங்காது என்பது உண்மை. ஆனால் தாங்கக்கூடிய வீட்டைக் கட்டத்தானே தடை இருந்தது! விகாரைகளிலும் பிரதானிகளின் வளவுகளிலும் நின்ற குடுமிக் கதவை எண்ணிப் பாருங்கள். கீலும் இல்லை, ஆணியும் இல்லை. பலகையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் விட்டுச் செதுக்கிய குடுமிகள் உத்தரத்துக் குழியிலும் படிக்கட்டையின் குழியிலும் அமர்ந்து சுழலும். நிலையைக் கோக்கும்போதே கதவையும் உள்ளே நிறுத்தியாக வேண்டும். அகலப் பலகைக்கு முற்றிய மரத்தின் வைரம் வேண்டும். அதைச் செய்த தச்சர், நிலமானியம் பெற்று இராஜகாரியம் எனும் கட்டாய அரச ஊழியம் செய்தவர்.

அந்த அரச ஆதரவு போனதால்தான் கைவினை அழிந்தது என்பது, 1908இல் வெளிவந்த ஆனந்த குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை நூல் வலுவாக முன்வைக்கும் கருத்து. பாதி சரி. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபின் ஊழியத் தச்சரின் பழைய பிடிமானம் தளர்ந்தது. ஆனால் அந்த ஆதரவு விகாரைக்கும் பிரதானிக்கும் கதவு தந்ததேயன்றிக் குடிக்குத் தரவில்லை; குமாரசுவாமி கண்ட இழப்பு மேல்தட்டின் இழப்பு. குடியானவனுக்கோ கட்டடத் தடை விலகியபின் மரம் கைநழுவியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை எனக் கொண்டது. கோப்பிக்காகக் காடு விழுந்தது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பரா, அதற்கு ஒரு கதவு. அந்தக் கதவும் தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் கதவும் போகும்.

இரும்புக் கீலும் அறுவைப் பலகையும் மலிந்ததால் குடுமிக் கதவு மறைந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. மெல்லிய சட்டக் கதவுக்கு முற்றிய மரத்தின் அகலப் பலகை தேவைப்படாது. எனினும் மலிவு என்பது கதவின் வடிவத்தை விளக்குமே தவிர, மரத்தின் மேலிருந்த உரிமையை விளக்காது. பலா உணவு மரம் என்பதால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது, நியாயமான காரணம்தான். ஆனாலும் இறத்தோட்டையில் ஒருவர் தன் முற்றத்துப் பலாவில் நிலை செய்ய நினைத்தால், தச்சரைக் கூப்பிடுமுன் அரச அனுமதிக்குத்தான் எழுத வேண்டும்.