குழலூதும் சிறுவன் பிறந்த கதை

ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சிறுவன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். உட்கார்ந்திருப்பது முதுகுச் சட்டம் ஒடிந்த நாற்காலி. பின்னே வெறுஞ்சுவர், அதில் ஒரு வயலினும் இன்னொரு குழலும் தொங்குகின்றன. வெளிச்சம் வரும் பக்கமாகக் கண்களை உயர்த்தியிருக்கிறான். நம் பக்கம் அவன் திரும்பவே இல்லை. 1630களின் முற்பாதியில் யூடித் லெய்ஸ்டர் தீட்டிய படம் இது.

முன்பெல்லாம் டச்சு ஓவியங்களில் இசைக்காரர்கள் பெரும்பாலும் விருந்துக் கூட்டத்தோடுதான் வருவார்கள். ரோமில் கரவாஜியோ 1590களிலேயே லூட் என்ற நரம்புக் கருவியை வாசிக்கும் இளைஞனைத் தனியே உட்காரவைத்திருந்தார். ரோம் போய்த் திரும்பிய யூட்ரெக்ட் நகரத்து ஓவியர்கள் அந்த வழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1621இல் ஹென்ட்ரிக் டெர் பிருஹென் குழலூதும் இருவரை வரைந்தார்: ஆளுக்கொரு தனிப் படம், இடுப்பளவு உருவம், வெளிறிய சுவர், பக்கவாட்டு வெளிச்சம். சில ஆண்டுகளில் ஹார்லெம் நகரத்து ஃபிரான்ஸ் ஹால்ஸும் லூட் வாசிப்பவன் ஒருவனை வரைந்தார். ஓரக்கண்ணால் சிரிக்கும் அவனுக்கு எதிரே யாரோ கைதட்டக் காத்திருக்கிறார்கள்.

யூடித்தும் ஹார்லெம்காரர்தான், பிறந்தது 1609இல். பீர் காய்ச்சும் தொழில் நடத்திய அப்பா நொடித்துப்போக, குடும்பம் 1628 வாக்கில் யூட்ரெக்ட் பக்கத்து ஃபிரேலண்டில் குடியிருந்தது. படத்தின் விதை அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன். மறு ஆண்டே லூட் வாசித்துப் பாடும் ஒருவனை வரைந்தார். வண்ண உடை, இறகு வைத்த தொப்பி. அவனும் மேலே பார்க்கிறான். ஆனால் அந்தப் பார்வை யாருக்கோ பாடுகிற பார்வை. குழலூதும் சிறுவனிடம் வரும்போது அந்த யாரோ மறைந்துபோகிறார். அவன் காது தன் குழலில் மட்டும் இருக்கிறது. வாசிப்பவனோடு கேட்பவனையும் அவனுக்குள்ளேயே வைத்த இந்தத் துணிச்சல், எனக்குத் தெரிந்தவரை அவருக்கு முன் வந்த யாரிடமும் இவ்வளவு அமைதியாக அமையவில்லை.

1633இல் ஹார்லெம் ஓவியர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. 1636இல் ஓவியர் யான் மோலெனாரை மணந்தார். அதன்பின் தூரிகை எடுத்தது அபூர்வம். இறந்த பிறகு பெயரே மறந்துபோய், அவர் படங்கள் ஹால்ஸ் பெயரில் கைமாறின. 1893இல்தான் ஹோஃப்ஸ்டேட டெ ஹ்ரோட் என்ற அறிஞர் அப்படியொரு படத்தில் அவருடைய முத்திரையைக் கண்டுகொண்டார்: ஜே, எல் எழுத்துகள், ஒட்டினாற்போல் ஒரு விண்மீன். லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன். அது அப்பாவின் பீர் ஆலைக்கு இருந்த பெயர்.