புத்தியுள்ள ஆராதனை

ஆராதனை என்றதும் நம் சபைகளில் பாட்டு நினைவுக்கு வரும், ஜெபம் வரும், கண்ணீரும் வரும். புத்தி வருவதில்லை. ஆனால் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில், நம்மையே கடவுளுக்குப் படைப்பதுதான் ஆராதனை என்று சொல்லும் பவுல் அதற்குக் கொடுத்த அடைமொழி, நமது பழைய மொழிபெயர்ப்பில் 'புத்தியுள்ள' என்றுதான் இருக்கிறது. கிரேக்கத்தில் அது 'லோகிகோஸ்'. யோவான் தமது நற்செய்தியைத் தொடங்கும் 'லோகோஸ்' என்ற சொல்லின் வழி வந்தது.

இன்னொரு சொல்லையும் பார்க்கலாம். கடவுளை எவற்றாலெல்லாம் நேசிக்க வேண்டும் என்று கூறும் உபாகமத்தின் எபிரெய வாசகம் இருதயம், ஆத்துமா, பலம் என்று மூன்றைச் சொல்கிறது. மாற்கு எழுதிய நற்செய்தியில் அதே கட்டளையை இயேசு சொல்லும்போது நான்கு இருக்கின்றன. கூடுதலாக வந்தது 'தியானோயா', ஆய்ந்து பார்க்கும் அறிவு. தமிழில் அதை 'மனது' என்றார்கள். பிழையில்லைதான். ஆயினும் நம் பேச்சில் மனது உருகும், நோகும், இரங்கும். ஆராய்வது அதன் வேலை என்று நாம் நினைப்பதில்லை. அந்தச் சிறு இடைவெளியில் பெரிய பொருள் ஒன்று நம் கைநழுவிப் போய்விட்டது.

அதைத் தேட நாம் நமது கண்டியைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. புனித யோசப் வாஸ் 1692இல் இங்கே வந்ததும் போர்த்துக்கீச உளவாளி என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தில் தமிழில் பணிசெய்திருந்த கோவா நாட்டவர் அவர். கண்டியில் சிங்களத்தையும் கற்றார். 1697இல் பெரியம்மை பரவி ஊரே ஓடியபோது நோயாளிகளோடு தங்கியவரும் அவர்தான். படிப்பும் பணிவிடையும் அவரிடம் இரண்டாக இருக்கவில்லை. யாரோடு இருக்கப் போகிறோமோ அவர்களுடைய பேச்சைக் கற்பதே அவர்களுக்குச் செய்யும் முதல் பணிவிடை.

அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளைப் பற்றி நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை என்ற குறை எனக்கு உண்டு. கொங்கணி பேசும் வீட்டில் பிறந்த அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். போர்த்துக்கீசம், தமிழ், சிங்களம் ஆகிய மொழிகளுக்கு அகராதி தொகுத்தார். தவக்காலத்தில் நம்மவர் இராகத்தோடு வாசித்துக் கண்கலங்கும் 'வியாகுலப் பிரசங்கம்' அவர் எழுதியதே. சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து அகராதியில் அடுக்கிய கைதான் அந்தக் கண்ணீரையும் வரவழைத்தது. அறிவு வந்தால் பக்தி வற்றிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே கண்டிப் பக்கத்தில் 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ அம்பிட்டியவில் நிறுவிய குருமடத்துக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தார்கள். அங்கே கல்வி இலத்தீனில் நடந்தது. 1955இல் அது புனேவுக்குப் போனது. 1963இல் பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகள் கூடித் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியோ சிங்களத்தையும் தமிழையும் பயிற்று மொழிகளாக்கியது. இது எளிய மாற்றமல்ல. தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஒரு தாய்க்கு மீட்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவர், மீட்பைப் பற்றித் தமிழில் சிந்தித்திருக்க வேண்டும். வேற்று மொழியில் சிந்தித்துத் தமிழில் ஒப்பிப்பவரை அந்தத் தாய் இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்வார்.

இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்திருந்தது. இந்த மக்களுக்காக இரங்கியவர்கள் பலர். அவர்களுடைய கூலியை, குடியுரிமையை, வீட்டை ஆய்வுக்கு எடுத்து, சிங்களவரையும் தமிழரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசவைத்தவர் அவர். சமூக ஆய்வு அவருக்கு அருட்பணியின் ஒரு பகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயிலில் ஞாயிறு வகுப்புக்குப் போயிருந்தேன். அந்த மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மண் சரிந்திருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "மலையைக் கடவுள் பிடிச்சிருக்கலாந்தானே, சேர்?" என்று கேட்டாள். பின்னால் இருந்த மூத்தவர் ஒருவர், "அப்பிடியெல்லாம் கேக்கப்படாது, இரும்மா" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். என்னிடமும் பதில் இருக்கவில்லை. யோபுவின் கேள்வி அது. யோபுவையே கடவுள் கேட்காதே என்று தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் கேள்வியை நானே மீண்டும் எடுத்தேன். கடவுளைப் பற்றிய பாதியை முடிக்க முடியவில்லை. மலையைப் பற்றிய பாதியைப் பேச முடிந்தது. கான் அடைத்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதையும், ஊறிய மண் பாரமேறிப் பிடிப்பை இழப்பதையும், சரிவதற்கு முன் நிலத்தில் விரிசல் காண்பதையும், மரங்கள் சாய்வதையும், ஊற்று நீர் திடீரென்று கலங்குவதையும் சொன்னேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடும் எச்சரிக்கையை எப்படி விளங்கிக்கொள்வது என்றும் பேசினோம். செங்குத்துச் சரிவின் அடியில் லயத்தைக் கட்டியது யார் என்று ஒரு பையன் கேட்டான். அதற்கும் யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் என்னை லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். கான் நிறையச் சருகும் மண்ணும். மேலே வரப்பில் ஒரு வெடிப்பு. முதல் வாரம் கேள்வி கேட்ட பிள்ளை குந்தியிருந்து அதற்குள் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரற்கடை. அப்பாவிடம் சொல்லி நாளைக்கே தோட்டத்து ஐயாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி மண்வெட்டி எடுத்துவர ஓடினாள்.