கப்பல் ரசீது: ஒரு தாள் சரக்குக்கு ஈடான வரலாறு

‘பில் ஆஃப் லேடிங்’ என்பதைத் தமிழில் கப்பல் ரசீது என்கிறோம். துறைமுக முகவர்களுக்கு அது வெறும் ‘பி.எல்.’ இன்று அந்தத் தாளுக்கு மூன்று வேலைகள்: சரக்கைப் பெற்றதற்கான ஒப்புகை, ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று, சரக்கின் மீதான உரிமை ஆவணம். தமிழ்ப் பெயர் முதல் வேலையை மட்டுமே சொல்கிறது. அது பிழையன்று, அந்தத் தாள் பிறந்தது ரசீதாகத்தான். ரசீதைச் சரக்குக்கே ஈடாக்கியது யார், சட்டமா வணிகரா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இடைக்கால மத்தியதரைக் கடலில் வணிகரும் சரக்கோடு கப்பலேறினர். தனித் தாளுக்குத் தேவையில்லை. கப்பல் எழுத்தரின் பதிவேடே போதும். அந்த ஏட்டுக்கு இருந்த மதிப்பை, ‘கொன்சொலாட் டெல் மார்’ என்னும் காட்டலான் கடல்வழக்குத் தொகுப்பு விதிக்கும் தண்டனையில் பார்க்கலாம்: ஏட்டில் பொய் எழுதியவரின் வலக்கை போகும், நெற்றியில் சூடு விழும், சொத்தும் பறிபோகும். பின்னர் வணிகர் ஊரிலேயே தங்கிச் சரக்கை மட்டும் வெளியூர் முகவருக்கு அனுப்பியபோது, ஏட்டின் நகல் தேவைப்பட்டது. அந்த நகலே கப்பல் ரசீதின் மூதாதை.

வழியில் தபால் தொலையக்கூடும் என்பதால் ஒரே ரசீதை மூன்று, நான்கு பிரதிகளாக எழுதினர். பெறுபவர் பெயருக்குப் பின் ‘அல்லது அவர் ஆணைப்படி’ என்ற சொற்களும் சேர்ந்தன. தாளைக் கைமாற்ற வழி திறந்தவை இச்சொற்களே; வம்புக்கு வழி திறந்தவை அப்பிரதிகள்.

இரண்டும் மோதிய வழக்கு லிக்பாரோ எதிர் மேசன். 1786-இல் நெதர்லாந்தின் மிடல்பர்க்கிலிருந்து டூரிங் நிறுவனத்தார், ராட்டர்டாம் வணிகர் ஃபிரீமனுக்காக லிவர்பூலுக்குத் தானியம் அனுப்பினர். ரசீதுகள் நான்கு. ஒன்று கப்பல் தலைவரிடம், ஒன்று டூரிங்கிடம். மேலெழுத்திட்ட, அதாவது கைமாற்றுவதற்காகக் கையொப்பமிட்ட, இரண்டு ஃபிரீமனிடம். அவர் தம் பிரதிகளை லிக்பாரோவுக்கு அனுப்பிப் பணம் திரட்டிக்கொண்டு நொடித்துப் போனார். விலை வராத டூரிங், தம் கைப்பிரதியை மேசனுக்கு மேலெழுதிச் சரக்கை மறித்தார். சரக்கு யாருக்கு?

1787-இல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் லிக்பாரோ பக்கம் சாய்ந்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. பிரபுக்கள் அவை மறுவிசாரணைக்கு அனுப்பியது. 1794-இல் முடிவைத் தந்தது சட்டப் புத்தகமன்று. ஆணைப்படி ஒப்படைக்க வேண்டிய ரசீதை மேலெழுதிக் கொடுத்தால் சரக்கின் உடைமையும் மாறும், அதுவே வணிகர் வழக்கம் என்று ஜூரி கண்டறிந்தது. நீதிமன்றம் அதை ஏற்றது. என் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. உடைமை மாறினாலும் ஒப்பந்தம் மாறவில்லை. சரக்கு கெட்டுவந்தால் புதிய உடைமையாளர் அந்த ஒப்பந்தத்தின் பேரில் கப்பல்காரர்மீது வழக்குத் தொடர முடியாது. 1845-இல் தாம்சன் எதிர் டோமினி வழக்கில் இது வெளிப்பட்டது. 1855-இல் பிரிட்டிஷ் சட்டம் அதை அடைத்தது. அடுத்த ஆண்டே கம்பெனி ஆட்சியிலிருந்த இந்தியாவுக்கும் மூன்றே பிரிவுகளில் அதே சட்டம் வந்தது. அச்சிறு சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதியது இயற்றியது 2025-இல்தான்.

இதற்குள் வங்கிகள் ரசீதை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தன. பிரதிகளின் வம்பு அவர்களையும் விடவில்லை. ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த 20 பீப்பாய்ச் சர்க்கரைக்கு ஈடாக கிளின் மில்ஸ் வங்கி முதல் பிரதியை வைத்திருந்தது. சரக்கைப் பெறவேண்டியவரோ இரண்டாம் பிரதியைக் காட்டினார். அதை நம்பிக் கிடங்கார் சரக்கை விட்டுவிட்டனர். கிடங்கார்மீது பொறுப்பில்லை என்றது 1882-இல் பிரபுக்கள் அவை. பிரதிகளின் முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்குவது வங்கிகளின் பழக்கமானதற்கு இத்தகைய இழப்பே காரணம். கடனுறுதிக் கடிதத்தில், அதாவது எல்.சி.யில், இன்றும் ‘முழுத் தொகுப்பு’ என்ற சொற்கள் வருகின்றன.

மின்னணு வடிவில் புதுச் சிக்கல் முளைத்தது: கையில் பிடிக்க முடியாததை ‘வைத்திருப்பது’ எப்படி? பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு மின்னணு வணிக ஆவணச் சட்டம், மின்கோப்பையும் வைத்திருக்கலாம் என்று ஏற்றது. அதற்கு அது போட்ட நிபந்தனைகளுள் ஒன்று: ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் அந்த ஆவணத்தை ஆளக் கூடாது, கூட்டாக ஆள்வோர் மட்டும் விலக்கு.