2 வயசுக் குழந்தையோடு லண்டன் பயணம்: டிக்கெட் போடும் முன் என்ன பார்க்கணும்?

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்திலேயே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தையோடு கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிறந்தநாளை. 2 வயது முடியாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் குறைவு. ஆனால், அங்கே ஊர் சுற்றும்போது 2 வயது முடிந்துவிட்டால், திரும்பி வர தனி சீட் எடுத்தே ஆகணும். இதைக் கடைசி நேரத்தில் கவனித்தால் பர்ஸ் காலிதான்.

விமானம் இறங்கும்போது பாலோ தண்ணீரோ கொடுங்க. விழுங்கினால் காது அடைப்பு குறையும்.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. தள்ளுவண்டியோடு போக பஸ்தான் வசதி. 5 வயதுக்குள் டிக்கெட்டும் இல்லை. கோடையில் அங்கே நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்னால். முதல் சில நாள் குழந்தை விடியும் முன்பே எழுந்துவிடும். சாயங்காலமே தூங்கி வழியும். அந்த நாட்களில் மாலைக் காட்சி எதற்கும் டிக்கெட் போடாதீங்க.